என் பெயரில் ஒரு துப்பாக்கி

ஜூன் 3, சனி

துப்பாக்கிக் கடைக்காரர்கள் முதலில் நம் செருப்பைத்தான் பார்க்கிறார்கள்; அதற்குப் பிறகுதான் விலை சொல்கிறார்கள். இது என் சந்தேகம் இல்லை. இன்று கோயம்புத்தூரில் என் கண்ணெதிரே நடந்தது.

முதல் கடையில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "யாருக்கும்மா?" என்றான். எனக்குத்தான் என்றேன். "அப்பா வரலீங்களா?" என்றான். என் அப்பா செத்து ஆறு வருஷம் ஆகிறது என்று சொல்லாமல் லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதில் என் பெயரையும் ஊரையும் தெருவையும் படித்தான். படித்து முடித்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். சுவரில் இருந்த இத்தாலித் துப்பாக்கி என்ன விலை என்று கேட்டேன். "அதெல்லாம் இறக்குமதிம்மா" என்றான். நான் கேட்டது விலை. அவன் சொன்னது என் தகுதி.

இரண்டாவது கடை ஹக்கீம் பாயுடையது. அவர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். ஆனால் அவரிடம் என் காசுக்கு இருந்தது உள்ளூர்த் தயாரிப்பு, பழையது, இரண்டு குழலும் பக்கம் பக்கமாக இருப்பது. காவல்காரர்களுக்கு அது போதும். போட்டியில் எந்திரம் வீசும் தட்டைச் சுடுகிறவளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல் இருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் ஒரே கோடாகத் தெரியும். இருந்தாலும் தூக்கிப் பார்த்தேன். கண்ணை மூடித் தோளில் ஏற்றி, கன்னத்தைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் பதித்து, கண்ணைத் திறந்தேன். பொருத்தமான துப்பாக்கி என்றால் குழலின் நுனியில் இருக்கும் மணி நேராகத் தெரியும். எனக்குத் தெரிந்தது குழலின் விலாப்பக்கம். காசில்லாதவர்களுக்கென்று எவனோ தனியாக உட்கார்ந்து செய்தது போல எல்லாமே கனம், எல்லாமே நீளம்.

ஆகஸ்ட் முதல் வாரம் மாநிலப் போட்டி. போன வருஷம் வரை கிளப் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம். இந்த வருஷம் சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் பெயர் அனுப்புவோம் என்று எங்கள் கிளப்பில் புது விதி. செயலாளர் சென்னியப்பன் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கிறார்.

கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் என் தோளில் வாந்தி எடுத்தான். இன்றைய நாளுக்கு அதுதான் பொருத்தம்.

ஜூன் 4, ஞாயிறு

கிளப் மாவட்டத்துக்கே பொது என்று போர்டு சொல்கிறது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. உறுப்பினர்களின் மனைவிகள் வந்தால் செயலாளர் பங்களாவுக்குக் காரில் போய்வருவார்கள். நான் சோளக்காட்டுக்குப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வேலை பட்டனை அழுத்துவது. உறுப்பினர் குரல் கொடுத்ததும் அழுத்தினால் குழியில் இருக்கும் எந்திரம் ஆரஞ்சுச் சாயம் பூசிய உள்ளங்கையளவு தார்த் தட்டை வீசும். அவர் சுடுவார். உடைந்தால் அவர் திறமை. உடையாவிட்டால் நான் லேட்டாக அழுத்தினேன். இதற்குக் கூலியாகக் கடைசியில் ஒரு சுற்று, இருபத்தைந்து தோட்டா, கிளப் துப்பாக்கியில் நான் சுடலாம். கல்லூரியில் என்.சி.சி.யில் ரைபிள் பிடித்தவள் நான். இங்கே வந்து இரண்டு வருஷத்தில் இவர்களில் பாதிப் பேரைவிட நன்றாகச் சுடுகிறேன். அதனால்தான் பெரும்பாலோர் நான் சுடும் நேரத்தில் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

இன்று சென்னியப்பன் போகவில்லை. அறுபது வயது, தென்னந்தோப்பு, நார் மில், கிளப் எல்லாம் அவருடையது. அம்மா அந்த நார் மில்லில்தான் வேலை செய்கிறாள்.

"என்ன அம்மிணி, கோயமுத்தூரு போய்ட்டு வந்தியாமா? ஒண்ணும் தெகையலயா?"

"வெல தெகையலீங்க."

"எதுக்கு அலையற? எங்கப்பாரு வாங்குனது ஒண்ணு ஊட்டுல சும்மா கெடக்குது. மேலயும் கீழயும் கொழலு. நீ கேக்கற மாதரியே."

"வெல எவ்வளவுங்க?"

"உன்ற கையில இருக்கறதக் குடு. நம்ம மில்லுப் புள்ளகிட்டப் போய் வெல பேசுவனா?"

இந்த ஆட்கள் 'நம்ம' என்று சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்ம தோப்பு, நம்ம நாய், நம்ம ஆளு. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் டிரைவர் குமரேசன் காரிலிருந்து உறையை எடுத்து வந்துவிட்டான்.

திறந்து மூடிப் பார்த்தேன். மூடும்போது அது போடும் சத்தம் சின்னது, முழுசானது. கிளப் துப்பாக்கி தகரப்பெட்டி போல அடித்துக்கொள்ளும்.

சரி என்றேன்.

ஜூன் 6, செவ்வாய்

அம்மா விளக்கேற்றும்போது சாமியோடு சேர்த்துச் சென்னியப்பன் நன்றாக இருக்க வேண்டும் என்றும் வேண்டுகிறாள். நான் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

ஜூன் 10, சனி

ஹக்கீம் பாய் கடை வழியாகப் பெயர் மாற்றியாகிவிட்டது. அம்மாவின் சீட்டுப் பணமும் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக நான் சேர்த்ததும் போய்விட்டன. துப்பாக்கி என் லைசென்ஸில் ஏறிவிட்டது.

ஹக்கீம் பாய் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "சென்னியப்பன் லைசென்ஸ்ல மூணு துப்பாக்கி இருந்துச்சில்ல?"

"தெரியலீங்க."

"மூணு இருந்துச்சு. இப்ப சட்டப்படி ஒரு ஆளுக்கு ரெண்டுதாம்மா. மூணாவத விக்கணும், இல்ல ஒப்படைக்கணும். ரொம்ப நாளா அவருக்கு நோட்டீசு மேல நோட்டீசு. என்கிட்டக் குடுங்க, நல்ல வெல தர்றேன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டாரு. உனக்கு இவ்வளவு சல்லிசாக் குடுக்கறாருன்னா…"

"குடுக்கறாருன்னா?"

"ஒண்ணுமில்ல. டீ ஆறுது, குடி."

வியாபாரிகளுக்கு எல்லாவற்றிலும் சூதுதான் தெரியும். சட்டம் ஒரு பணக்காரனின் கழுத்தைப் பிடித்தது. அதில் ஏழை ஒருத்திக்கு லாபம். இது நடக்கவே கூடாதா? நான் யாரிடமும் பிச்சை வாங்கவில்லை. இருந்ததை எல்லாம் எண்ணிக் கொடுத்தேன்.

எங்கள் வீடு ஒரே அறை, சிமென்ட் ஓடு. இரும்பு அலமாரி இல்லாத வீட்டில் துப்பாக்கி வைக்கக் கூடாது. கிளப்பின் பாதுகாப்பு அறையில் வைத்துக்கொள்கிறோம் என்று லைசென்ஸுக்கு மனுப் போட்டபோதே செயலாளர் கடிதம் கொடுத்திருந்தார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் லைசென்ஸே வந்திருக்காது. விசாரணைக்கு வந்த போலீஸ்காரன் எங்கள் தெருவுக்குள் நுழையாமல் முக்கிலேயே பைக்கை நிறுத்தி, "உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா துப்பாக்கி?" என்று கேட்டவன். சென்னியப்பன் பெயரைச் சொன்னதும் கையெழுத்துப் போட்டான்.

அதனால் கடையில் வேலை முடிந்ததும் குமரேசன் துப்பாக்கியைக் காரில் எடுத்துப் போனான். நான் பஸ்ஸில் வந்தேன்.

பக்கத்து வீட்டு மாராத்தாளக்கா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவோடு நார் உரிப்பவள், வாய் கொஞ்சம் நீளம்.

"எங்கடி துப்பாக்கி? வெறுங்கையில வர்ற?"

"கிளப்புல இருக்குதுக்கா."

"காசு குடுத்தது நீயி, வெச்சிருக்கறது அவுங்களா? கண்ணாலம் பண்ணி மொதல் நாளே மாப்பளய மாமியா ஊட்டுலயே உட்டுட்டு வந்த மாதரி இருக்குது." செதிலை வழித்துப்போட்டாள். "தட்டு ஒடைக்கறதுக்கு இத்தன காசாக்கும்? என்ற ஊட்டுக்கு வந்து ஒடச்சுட்டுப் போயிருந்தா சும்மாவே உட்டிருப்பனே."

சிரித்தேன். இந்தத் தெருவில் யாருக்கும் எதுவும் புரியாது.

ஜூன் 18, ஞாயிறு

சொந்தத் துப்பாக்கியில் முதல் நாள். இருபத்தைந்தில் பதினொன்று. கன்ன எலும்பு வீங்கிவிட்டது, தோளில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வட்டம். ஆறடி ஆளுக்காகச் செய்த கட்டை. என் கை எட்டுவதில்லை. விசையைத் தொட வேண்டுமென்றால் தலையை முன்னால் நீட்ட வேண்டியிருக்கிறது. கோழி மாதிரி. சுற்றி நின்றவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். "கழுத்து ஒடிஞ்சரப் போவுது அம்மிணி" என்று ஒருவன். இன்று யாரும் சாப்பிடப் போகவில்லை.

துப்பாக்கி சென்னியப்பன் காரில் வந்து அவர் காரிலேயே திரும்பிப் போகிறது. நல்லதுதான். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நான் எப்படி வர முடியும்? பாதுகாப்பு அறையின் பூட்டில் சிலந்திக்கூடு இருக்கிறது.

ஜூன் 21, புதன்

பேப்பரில் படம் வந்திருக்கிறது. சென்னியப்பன் துப்பாக்கியை எனக்கு நீட்டுகிறார். ஏழை வீராங்கனைக்குக் கைகொடுத்த தொழிலதிபர். போட்டோக்காரன் என்னைக் கொஞ்சம் குனியச் சொன்னபோது எதற்கு என்று புரியவில்லை, இப்போது புரிகிறது. வாங்கினேன் என்று போடவில்லை, வழங்கினார் என்று போட்டிருக்கிறார்கள். ஹெட்மாஸ்டர் அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். கிழிக்கலாமென்று போனேன். கீழே என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. விட்டுவிட்டேன்.

ஜூலை 1, சனி

கட்டையை வெட்டிவிட்டேன்.

சென்னியப்பன் ஏதோ கல்யாணத்துக்கு ஊட்டி போயிருந்தார். தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி சரியாக அடிக்கவில்லை, ஹக்கீம் பாயிடம் காட்ட வேண்டும் என்று குமரேசனிடம் சொன்னேன். அவன் உடனே சரி என்றான். "கடைக்குப் போறதுன்னா நல்லதாப் போச்சு அம்மிணி. சின்னய்யா கொஞ்சம் தோட்டா வாங்கியாறச் சொன்னாரு. உங்க லைசென்சுலயே வாங்கிப்போடலாம்" என்றான். சின்னய்யா என்பது மகன் விஷ்ணு. பெங்களூரில் இருக்கிறான், லீவுக்கு நண்பர்களோடு வந்து தோப்பில் குடிப்பான்.

ஹக்கீம் பாயின் மிஸ்திரி என் முழங்கை மடிப்பிலிருந்து விரல் நுனி வரை அளந்தார்.

"ரெண்டு விரக்கட எடுக்கணும்" என்றார்.

"எடுங்க."

ஹக்கீம் பாய் எழுந்து வந்தார். "இரும்மா. இது வால்நட் கட்டை. வெட்டுனா ஒட்ட முடியாது. உடையவருக்குத் தெரியுமா?"

"உடையவ நான்தாங்க."

"காகிதத்துல."

"வேற எதுலங்க இருக்கணும்?"

அவர் மிஸ்திரியைப் பார்த்துத் தலையசைத்தார்.

தோட்டாவை எடுத்து வைக்கும்போது மறுபடியும் ஆரம்பித்தார். தட்டுக்குச் சுடும் தோட்டாவில் ரவை கடுகளவு இருக்கும். குமரேசன் கேட்டது எல்.ஜி.; உள்ளே இருப்பது பட்டாணி அளவு ஈயக் குண்டு. "தட்டு சுட எல்.ஜி. எதுக்கும்மா?"

"கிளப்புக்குங்க."

"கிளப்புக்குன்னா கிளப் கணக்குல வாங்கணும். இது உன் பேர்ல ஏறும்."

"ஏறட்டுங்க."

கையெழுத்துப் போட்டேன். உள்ளே ரம்பம் அறுத்துக்கொண்டிருந்தது. வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. மிஸ்திரி கொண்டுவந்து கொடுத்ததும் கண்ணை மூடித் தோளில் ஏற்றினேன். திறந்தேன். மணி நேராக என்னைப் பார்த்தது.

ஜூலை 2, ஞாயிறு

இருபத்திரண்டு!

தட்டு உடைவது எனக்குக் கேட்கவில்லை, தெரிந்தது. கருப்பாக ஒரு தூள் வட்டம், பிறகு வானம் மட்டும். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக என் உடம்பு நடுவில் வந்து நிற்காமல் சுட்டேன்.

முடித்துத் திரும்பும்போது சென்னியப்பன் பின்னால் நின்றிருந்தார். துப்பாக்கியை வாங்கித் தன் தோளில் வைத்துப் பார்த்தார். அது அவருடைய கைக்குள் குழந்தையின் பொம்மை போல ஒடுங்கியது. வெட்டிய இடத்தை விரலால் தடவினார்.

"இதென்னது?"

"என்ற அளவுக்கு வெட்டுனனுங்க."

"என்னையக் கேக்காமயா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்ற பேருலதானுங்க இருக்குது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "பேரு இருக்குது கண்ணு. பேரு ஆரு மேல வேணாலும் இருக்கும். நம்ம ஊட்டு மாடு ஒண்ணுக்குக்கூட பாங்க்குல உங்கொம்மா பேருலதான் லோன் இருக்குது. பால் ஆரு குடிக்கறது?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். குமரேசனும் சிரித்தான்.

துப்பாக்கி காரில் ஏறிப் போய்விட்டது.

ஜூலை 3, திங்கள்

அம்மாவை இன்று மில்லுக்குள் விடவில்லை. மேஸ்திரி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டான்.

சாயங்காலம் என்னை இழுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். பின்வாசல். அவர் வந்ததும் அம்மா காலில் விழுந்தாள். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை, முட்டி வலியால் பஸ் படி ஏற முடியாதவள், அவ்வளவு வேகமாகக் கீழே விழுந்தாள்.

"அட எந்திரி சரோஜா. புள்ளைக்கு வெவரம் பத்தல. நாளைக்கு வேலைக்கு வா."

அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணால் கெஞ்சினாள். "தப்புத்தானுங்க" என்றேன். தரையைப் பார்த்துச் சொன்னதால் அது பொய்யாகாது என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பி வந்தது. சமையல்கட்டு ஜன்னலில் எவர்சில்வர் டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. எங்களுக்குக் காகிதக் கப். முன்பெல்லாம் தனி டம்ளர் வைத்தால் கேஸ் போடலாம். காகிதக் கப்புக்கு என்ன கேஸ் போடுவது? குடித்ததும் நாமே கசக்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். நல்ல கண்டுபிடிப்பு.

கதவிடுக்கில் கூடம் தெரிந்தது. என் துப்பாக்கி குடைகளோடு சுவரில் சாத்தியிருந்தது.

ஆகஸ்ட் வரை பொறுத்துக்கொள்வது தந்திரம். அடிமைத்தனம் வேறு. மாநிலத்தில் ஒரு பதக்கம், அப்புறம் போலீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அதற்குப் பிறகு இவர் வாசலை மிதிக்க மாட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

போன வாரம் நான் துடைத்து, எண்ணெய் போட்டுத்தான் கொடுத்தேன். இன்று குழலுக்குள் கரி, ஈயத்தின் வரி. கட்டையில் காய்ந்த சேறு, கொஞ்சம் முடி. மனித முடி இல்லை, தடித்தது.

குமரேசனைக் கேட்டேன். "பொழங்காம வெச்சிருந்தாத் துருப்புடிக்குமுங்கல்ல" என்றான். பிறகு தாழ்ந்த குரலில், "பன்னிக் கறி வேணுமா? அரக் கிலோ எடுத்து வெச்சிருக்கறேன்" என்றான்.

வேண்டாம் என்றேன். துடைத்தேன். சுட்டேன். இருபத்துமூன்று.

ஜூலை 16, ஞாயிறு

துப்பாக்கி வரவில்லை. விஷ்ணு ஊருக்கு வந்திருக்கிறானாம். நாள் முழுவதும் மற்றவர்களுக்குப் பட்டன் அழுத்தினேன்.

ஜூலை 22, சனி

வெளிச்சம் வரும்போது தோப்புப் பக்கம் இரண்டு வெடிச் சத்தம். ஒன்று, உடனே அடுத்தது. எந்தத் துப்பாக்கி என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அம்மாவும் பாயில் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். என் கையைத் தொட்டு, "பன்னியா இருக்கும்" என்றாள்.

மாராத்தாளக்காவைக் குட்டி யானை வண்டியில் தென்னமட்டை மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். அடுப்புக்கு மட்டை பொறுக்கத் தோப்பு ஓரம் போயிருக்கிறாள். வலது தொடையிலும் இடுப்பிலும் குண்டு. சேலையைக் கடித்துக்கொண்டிருந்தாள், கத்தவில்லை. தெருவே கூடி நின்றது. "ஆரு? ஆரு?" என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கே பதில் தெரியும். ஈக்கள் அதற்குள் வந்துவிட்டன.

அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை விளையாட்டு வகுப்பு. போனேன். எட்டாம் வகுப்புக்கு நீளம் தாண்டச் சொல்லிக்கொடுத்தேன்.

ஜூலை 23, ஞாயிறு

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில், பக்கத்து நாற்காலியில் சென்னியப்பன். நான் நின்றேன்.

இன்ஸ்பெக்டர் அலுத்துப்போன குரலில் சொன்னார்: "துப்பாக்கி உன்னுது, நம்பர் ஒத்துப் போகுது. கட்டை உன் கைக்கு வெட்டினது, வேற ஆள் பிடிக்கவே முடியாது. தோட்டா நீ வாங்கினது, கடைக்காரன்கிட்ட உன் கையெழுத்து இருக்கு. தோப்புல பயிற்சி பண்ணிருக்க. பன்னி வந்துச்சு, பயந்துபோய்ச் சுட்டுட்ட. குறுக்க அந்தம்மா வந்துருச்சு. கை தவறினது. அவ்வளவுதான். எழுதிக் குடுத்துட்டுப் போ."

"நான் வீட்ல படுத்திருந்தேன் சார்."

"யார் பாத்தா?"

"எங்கம்மா."

"அம்மாவக் கேட்டாச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"தூங்கிட்டாங்களாம். நீ இருந்தியா இல்லையான்னு தெரியாதாம்."

சென்னியப்பன் நாற்காலியிலிருந்து திரும்பினார். "சின்னக் கேசு கண்ணு. வக்கீலு நம்ம வக்கீலு. மாராத்தா ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் நாம பாத்துக்கலாம். சரோஜாவுக்கும் வேல பத்திரமா இருக்கும். வயசுப்புள்ள, கோர்ட்டு பாவம் பாக்கும்."

"விஷ்ணு எங்கீங்க?"

"அவன் வெள்ளிக்கெழமயே பெங்களூரு போய்ட்டானே."

"சுட்டது அவன்தான். மாராத்தாளக்கா பாத்திருக்கும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அப்ப போய்க் கேட்டுப் பாரு" என்றார் சென்னியப்பன். எழுதிக் கொடுக்கச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை அவகாசம் என்றார் இன்ஸ்பெக்டர்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடு என்றாள். தட்டை எடுத்து வாசலில் வீசினேன். அவள் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

எல்லோரும் சேர்ந்து எனக்குக் குழி வெட்டியிருக்கிறார்கள். யாரும் எனக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஹக்கீம் பாய் சொல்லியிருக்கலாம். டீ குடி என்றார். போட்டி போய்விடும், லைசென்ஸ் போய்விடும், போலீஸ் வேலை கனவிலும் கிடையாது. கேஸ் உள்ளவளைப் பள்ளிக்கூடத்திலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் செய்த ஒரே குற்றம் ஏழையாக இருந்துகொண்டு நன்றாகச் சுட்டது.

ஜூலை 25, செவ்வாய்

ஆஸ்பத்திரி. பொம்பளைகள் வார்டு. பினாயிலையும் மீறி மூத்திர நாற்றம். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். மாராத்தாளக்காவுக்கு மட்டும் தனிக் கட்டில், தலைமாட்டில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். யார் வாங்கி வைத்தது என்று கேட்கத் தேவையில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு பாட்டில் ஹார்லிக்ஸுக்கு இவளையும் வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"அக்கா, சுட்டது ஆருன்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"ஆரு?"

"விஷ்ணுப் பையன். வெள்ளப் பனியனு. கூட ரெண்டு தடியனுங்க. பன்னின்னு நெனச்சுத்தான் சுட்டான். கிட்ட வந்து என்ற மூஞ்சியப் பாத்தான். அப்பறம் ஓடிட்டான்." குரல் மெலிந்திருந்தது, வாய் அதே வாய்தான். "பன்னியாட்டமாடி இருக்கறேன் நானு?"

எனக்கு உயிர் வந்தது. "போலீஸ்ல அத அப்பிடியே சொல்லுக்கா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லோணும். நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், எனக்கு ஒண்ணும் ஆவாது."

"உனக்கு ஒண்ணும் ஆவாது." அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "என்ற காலு எப்பிடி இருக்குதுன்னு கேக்க மாட்டியா?"

கேட்டேன்.

"நடக்கறது செரமம்னு டாக்டரு சொல்றாரு. நார் மில்லுல நின்னுதான வேல. போவட்டும். ஆப்பிளு திங்கறதுக்காக வாய மூடிக்குவன்னு நெனைக்காத. இத நானு தொடல, உங்கொம்மாதான் ஒண்ண அரிஞ்சு தின்னா."

ஜன்னலோரம் அம்மா திரும்பவில்லை.

"போலீசுல சொல்றேன்டி. பயம் ஒண்ணும் இல்ல, சொல்றேன். அதுக்கு மின்னாடி நீ எனக்கு ஒண்ணு சொல்லோணும்."

"என்னக்கா?"

"டாக்டரு எடுத்த குண்டக் காட்டுனாரு. பட்டாணி கணக்கா இருக்குது. தட்டுக்குச் சுடறது கடுகாட்ட இருக்கும்னு நீதான் தெருவுல உக்காந்து பெருமையாச் சொல்லுவ. இது பன்னிக்காம். உன்ற கையெழுத்துலதான் வாங்குனதுன்னு ஏட்டய்யா சொல்றாரு."

குமரேசன் கேட்டான் என்று ஆரம்பித்தேன்.

"அவன உடு. துப்பாக்கி அவுங்க ஊட்டுல கெடக்குதுன்னு உனக்குத் தெரியும். அதுல பன்னி சுடறாங்கன்னும் தெரியும். தோப்பு ஓரம் வெடியக்கால மட்ட பொறுக்கறது நம்ம தெருப் பொம்பளைங்கதான்னும் தெரியும். இல்ல தெரியாதா?"

பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மின்விசிறி ஒரு இறக்கை வளைந்து தட்டிக்கொண்டே சுற்றியது. சென்னியப்பனைப் பற்றிச் சொன்னேன். புது விதியைப் பற்றி, போட்டியைப் பற்றி, எங்களை மாதிரி ஆட்களுக்கு ஒருத்தனும் வழி விடமாட்டான் என்பதைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நார் உரித்த கை, அறுத்தது.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். உன்னையத்தான் கேக்கறேன். தெரிஞ்சுதான கையெழுத்துப் போட்ட?"

மணி நாலரை. ஸ்டேஷனுக்கு நடந்துபோகவே அரை மணி நேரம் ஆகும்.

"சொல்லு எழிலு" என்றாள். "ஆமா இல்ல, ஒண்ணு சொல்லு. அப்பறம் நானு சொல்றேன்."